பள்ளி பேண்ட் ஆசிரியர்களுக்கு: அந்தத் தமிழ்ப் பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள்

சிங்கப்பூர்ப் பள்ளி பேண்டுகளை, அதாவது காற்று வாத்தியக் குழுக்களை, நடத்தும் ஆசிரியர்களுக்கும், ஆண்டு நிகழ்ச்சிக்குப் பாட்டுப் பட்டியல் போடும் மாணவர் குழுவினருக்கும் வணக்கம்.

நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் பாதியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இளையர் விழாவுக்காக மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வாசித்த உருப்படிகள், பேண்டுக்கென்றே எழுதப்பட்டவை, அவற்றுக்கு நீங்கள் எடுக்கும் சிரத்தை மேடையிலேயே தெரிகிறது. ஆனால் இடைவேளைக்குப் பிறகு ‘பாப்’ பகுதி வருகிறதே, அரங்கில் இருக்கும் தாத்தா பாட்டிகள் நிமிர்ந்து உட்காருவது அப்போதுதான், அந்தப் பகுதிக்குப் பாட்டுத் தேர்வு மட்டும் ஏன் கடைசி நேரத்தில் நடக்கிறது? அதிலும் தமிழ்ப் பாட்டு என்றால் பெரும்பாலும் ஒரே கதைதான்: நான்கு மொழிப் பாடல்களைக் கோத்த ஒரு மெட்லி, அதில் தமிழுக்கு ஒரு நிமிடம், அந்த ஆண்டு எல்லார் போனிலும் ஓடிய ஒரு குத்துப் பாட்டு.

குத்துப் பாட்டு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் உயிர் பாடுபவரின் குரலிலும் வரிகளிலும் ஸ்டூடியோவில் அடுக்கிய தாளத்திலும் இருக்கிறது. மெட்டு என்று பார்த்தால் பல பாட்டுகளில் மூன்று நான்கு சுரங்களுக்குள் முடிந்துவிடும். வார்த்தையை எடுத்துவிட்டால் டிரம்பெட்காரர்கள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருப்பார்கள், ட்ரம் செட் மட்டும் அதிரும், முதல் வரிசைப் புல்லாங்குழல்கள் வாசிப்பது யார் காதிலும் விழாது.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: குரலை எடுத்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இருக்கும் பாட்டை ஒரு மாணவர் கிளாரினெட்டில் தனியாக, கரோக்கி டிராக் எதுவும் இல்லாமல், வாசித்துக் காட்டட்டும். பாட்டே தெரியாத சக மாணவருக்கு அது இனிமையாகக் கேட்டால் அந்தப் பாட்டு பேண்டில் நிற்கும். அப்புறம் பாட்டின் முன்னிசையையும் இடையிசையையும் கேளுங்கள். எம்.எஸ்.வி. காலத்துப் பாடல்களில் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தன் போக்கில் ஒரு தனி மெட்டாக நடக்கும், அதைக் கீழ்ச் சுரங்களை ஊதும் யூஃபோனியத்துக்கும் டியூபாவுக்கும் கொடுத்தால் வழக்கமாக ‘பூம் பூம்’ என்று ஊதிச் சலித்த அந்தப் பிள்ளைகளின் முகமே மாறிவிடும். இரண்டாம், மூன்றாம் கிளாரினெட்டுக்கும் வேலை இருக்கும். பேண்டில் பாதிப் பேர் மெட்டு வாசிக்காதவர்கள்தானே, பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டாமா?

ஜப்பானில் இதை எப்படிச் செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். இசையமைப்பாளர் இவாய் நாவோஹிரோவின் முயற்சியில் 1972இல் யமஹா தொடங்கிய ‘நியூ சவுண்ட்ஸ் இன் பிராஸ்’ வரிசை, பிரபலப் பாடல்களைப் பேண்டுக்கென்றே உட்கார்ந்து எழுத வைத்தது. டி-ஸ்கொயர் என்ற ஜப்பானிய இசைக்குழுவின் 1986ஆம் ஆண்டுப் பாட்டான ‘தகராஜிமா’வை இசையமைப்பாளர் மஷிமா தோஷியோ பேண்டுக்கு மாற்றி எழுதினார், அதை இன்றைக்கும் நம் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். அந்தப் பாட்டு வந்தபோது அவர்கள் பிறக்கக்கூட இல்லை. தமிழ்ப் பாட்டுக்கு அப்படிக் கடையில் போய் வாங்கும் ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களுக்கும் எழுதிய இசைக்குறிப்பு, கிடைப்பது அரிது. யாராவது காதால் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது, அதை நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்னால் ஒருவர் தலையில் கட்டினால் அவசரத்தில் எழுதியதுதான் கிடைக்கும்.

அவசரத்தில் என்ன தப்பாகும் என்று ஓர் உதாரணம். அசல் பாட்டு ‘ஈ’ மேஜர் ஸ்கேலில் இருக்கிறது, அப்படியே எழுதிவிடுகிறார்கள். கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் காதில் கேட்கும் ஸ்கேலில் இல்லாமல் வேறு ஸ்கேலில் எழுதப்படும் வாத்தியங்கள். அதனால் கிளாரினெட், டிரம்பெட் வாசிப்பவர்களின் தாளில் ஆறு ஷார்ப் (சுரத்தை அரைச் சுரம் ஏற்றும் குறி; இறக்குவது பிளாட்) வந்து நிற்கும், ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஏழு. உயர்நிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை அதைப் பார்த்ததுமே பயந்துவிடும். அரைச் சுரம் இறக்கி ‘ஈ பிளாட்’டில் எழுதினால் கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு பிளாட், ஆல்டோவுக்கு ஒன்றுமே இல்லை. அவையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த அரைச் சுரம் தெரியப்போகிறது?

இன்னொன்று கமகம். பாடகர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதை அப்படியே குட்டிக் குட்டிச் சுரங்களாக எழுதி எல்லாக் கிளாரினெட்டுக்கும் கொடுத்தால், ஆளுக்கு ஒரு நேரத்தில் வாசித்துக் கூழாகிவிடும். அந்த இடத்தை ஒரே ஒருவருக்குக் கொடுங்கள், புல்லாங்குழலோ, ஓபோவோ, வழுக்குவதற்கென்றே பிறந்த டிராம்போனோ. மற்றவர்கள் மெட்டை நேராக வாசித்தால் போதும். இரண்டாவது சரணத்தையும் கவனியுங்கள். பாட்டில் அங்கே வரிகள் மாறுகின்றன, பேண்டில் மாறுவதற்கு எதுவுமில்லை, வாத்தியங்களை மாற்றுங்கள், இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். தபேலாவும் தவிலும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உங்கள் பள்ளியிலேயே இருக்கலாம், வேறு இணைப்பாட நடவடிக்கையில் இருந்தாலும் ஒரு பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டுப் பாருங்கள்.

சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்றும் இல்லை. ‘முன்னேறு வாலிபா’வை எல்லா இனப் பிள்ளைகளும் பள்ளியில் பாடி வளர்கிறார்கள். 1960களில் சிங்கப்பூரின் எஸ். ஜேசுதாசன் எழுதிய பாட்டு, நடைபோட வைக்கும் தாளம், காற்று வாத்தியத்துக்கென்றே அமைந்தது போன்ற மெட்டு. அதை மெட்லியில் ஓர் ஓரத்தில் வைக்காமல், முழு உருப்படியாக, ஹார்ன்களுக்கு ஓர் எதிர்மெட்டு, நடுவில் மரக்காற்று வாத்தியங்கள் மட்டும் மெதுவாக வாசிக்கும் ஒரு பகுதி என்று எழுத வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதைக் கேட்க நான் மிகவும் ஆசைப்படுகிறேன்.

கடைசியாக அனுமதி. பொது நிகழ்ச்சியில் வாசிக்க, சிங்கப்பூரில் பாடல் உரிமைகளைக் கவனிக்கும் அமைப்பான காம்பாஸ் தரும் உரிமம் வேறு, பாட்டை மாற்றி எழுதுவதற்கு உரிமையாளரிடம் வாங்கும் அனுமதி வேறு. இரண்டாவதற்கு நாளாகும், சில நேரம் பதிலே வராது, அப்போது வேறு பாட்டுக்குப் போக அவகாசம் வேண்டும். அடுத்த ஆண்டு நிகழ்ச்சிக்கான தமிழ்ப் பாட்டை இந்த ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பட்டியல் போடும் குழுவில் தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்த ஒரு மாணவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதிய பார்ட்டுகளை ஒருமுறை சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால், நானும் என்னைப் போன்ற பழைய மாணவர்களும் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வரத் தயார்.

அன்புடன்,
முன்பு பள்ளி பேண்டில் இரண்டாம் கிளாரினெட் வாசித்த ஒருவன்