கூண்டு எப்போது வரும்?

ஐயா,

வாளையார் எல்லையோரம் எட்டிமடையில் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை போட்டிருந்தேன். போன வாரம் விடிகாலையில் போய்ப் பார்த்தால், ஏர் ஓட்டியதுபோல மண் புரண்டு கிடக்கிறது. கொடியெல்லாம் வெளியே, காயைக் காணோம். காட்டுப்பன்றிகளின் வேலை. அவை இப்போது காட்டில் இல்லை, ஓடைப் புதரிலேயே குட்டி போட்டிருக்கின்றன. ராத்திரியில் கொட்டுகிற கோழிக்கழிவே அவற்றுக்குத் தீனி.

காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வரும் காட்டுப்பன்றியை வனத்துறை சுடலாம், 1 முதல் 3 கி.மீ.க்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் தோட்டம் இரண்டாவது வகை. பிடிப்பதற்கான கூண்டு இன்னும் வரவில்லை. கேரளத்தில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவருக்கே சுட அனுமதிக்கும் அதிகாரம் கொடுத்துவிட்டார்கள்.

தாமதித்தால் யாராவது அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும், கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைப்பார்கள். அதைக் கடித்து வாய் சிதைவது யானையாகவும் இருக்கலாம். கூண்டு வையுங்கள், கழிவு கொட்டுவதை நிறுத்துங்கள்.

– ஒரு விவசாயி, எட்டிமடை, கோவை மாவட்டம்