படுதா கட்டுபவருக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் எங்கள் கடற்கரைத் திருவிழாக்களைப் பற்றிக் கட்டுரை வந்திருப்பதைப் பார்த்து ஆசையாகத்தான் பிரித்தேன். இசை நாடகத்துக்குப் பாட்டு இருந்தால் போதும், பின்னால் தொங்கும் ஓவியத் திரையான படுதாவும் ஜிகினாவும் பாமரர் கண்ணை மயக்கத்தான் என்று அதில் ஒரு வரி. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

அதே இதழில் சில பக்கங்கள் தள்ளி, லண்டனில் 1986-இல் மேடையேறிய 'பேண்டம் ஆஃப் தி ஓப்பரா' என்ற ஆங்கில இசை நாடகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி முடிகிற இடத்தில் சபையின் தலைக்கு மேலே தொங்கும் பெரிய சரவிளக்கு மேடையை நோக்கிப் பாய்ந்து இறங்குவதைப் பக்கம் கொள்ளாமல் வியந்திருக்கிறீர்கள். அரங்கத்தையும் உடைகளையும் வடிவமைத்த மரியா பியோர்ன்சன் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். சரி, நியாயம்தான். அந்த அம்மாவின் வேலை இல்லாமல் அந்தப் பாட்டுகள் மட்டும் அத்தனை தூரம் போயிருக்காது. லண்டனில் கலையாக இருப்பது எங்கள் கடற்கரைத் தொண்டிக்கு வந்ததும் கண்மயக்காக எப்படி மாறியது?

என் தாய்மாமன் நாடகங்களுக்குச் சீன் செட், அதாவது காட்சி எழுதிய படுதாக்கள், வாடகைக்கு விட்டவர். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, முள்ளிமுனை என்று அவர் பெட்டியோடு நானும் போயிருக்கிறேன். கடலோரத்தில் படுதா கட்டுவது சாதாரண வேலை இல்லை. ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பினால் அரசவை எழுதிய தர்பார் சீன் பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு கம்பத்தையே இழுக்கும். கீழ்ச்சட்டத்தில் மணல் மூட்டையைக் கட்டி, ராஜா வேடக்காரரான ராஜபார்ட் பாடி முடிக்கும்வரை பின்னால் ஆள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். மாசிப் பனி இன்னும் மோசம். வஜ்ஜிரப் பசையில் குழைத்த பொடிக் கலர், ஈரம் பட்டால் கையோடு வந்துவிடும். விடிந்ததும் வெயிலில் விரித்து, கலைந்த இடத்தில் மாமா மறுபடி தூரிகை பிடிப்பார்.

அரிச்சந்திரா நாடகத்தில் மயான காண்டம் விடியப் போகிற நேரத்துக்குத்தான் வரும். பாதிச் சனம் தூங்கி வழியும். அப்போது மாமா மற்ற விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, நீலத்தாள் ஒட்டிய ஒரு விளக்கையும் ஒரு பந்தத்தையும் மட்டும் விடுவார். பின்னால் சுடுகாட்டு சீன். சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த இருட்டுக்குள் வந்து நின்றாலே போதும், ஆர்மோனியம் தொடங்கும் முன்பே பெண்கள் பக்கம் விசும்பல் கேட்கும். காற்று எதிர்த்து அடிக்கிற ராத்திரியில் கடைசி வரிசைக்குப் பாட்டில் பாதி வந்து சேராது. அவர்களும்தான் அழுதார்கள். சுடுகாட்டுக் கூலியாக வாய்க்கரிசியும் முழத்துண்டும் கேட்டு அரிச்சந்திரன் நிற்கும்போது அவர்களைப் பிடித்து உட்கார வைத்தது எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

நாடக வரலாறு உங்களுக்குத் தெரியாததில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டுக்கும் வசனத்துக்கும் உயிர் கொடுத்தார். கன்னையா நாடகக் கம்பெனி, பாடகர் கிட்டப்பா மாதிரி ஒரு குரல் கையில் இருந்தும் காட்சி ஜோடனைக்குக் காசை அள்ளிக் கொட்டியது. நாடகக் கம்பெனி நடத்திய நவாப் ராஜமாணிக்கம் தசாவதார நாடகத்தில் தந்திரக் காட்சிகளால் சனத்தைக் கட்டிப்போட்டார். பாட்டின் அருமை தெரியாதவர்களா இவர்கள்?

காட்சி என்ற பேரில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் சரி என்றும் நான் சொல்லவில்லை. அண்மையில் ஒரு ஊரில் வள்ளி திருமணத்துக்கு எல்இடி திரையைப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடுகிறாள். திரையில் அருவி கொட்டுகிறது, மயில் பறக்கிறது. அந்த வெளிச்சத்தில் வள்ளியின் முகமே தெரியவில்லை. படுதாவில் எழுதிய காட்டுக்கு முன்னால் நின்றால் அவள் புடவை எடுப்பாகத் தெரிந்திருக்கும். எதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று படுதா எழுதியவருக்குத் தெரியும். இதைப் பற்றி விவரமாக ஒரு கடிதம் முன்பே அனுப்பினேன். நீங்கள் போடவில்லை.

அதற்கும் முன்னால் ஒருமுறை முருகன் வேடத்தின் படத்தை அட்டையில் போட்டீர்கள். பின்னாலிருந்த மலை சீனை வெட்டிவிட்டு வெறும் மஞ்சள் நிறத்தை நிரப்பியிருந்தீர்கள். மாமா அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்த இதழை அவர் கையில் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. விளம்பரதாரர் பெயரும் திறந்து வைத்த பிரமுகர் பெயரும் உங்கள் விழாச் செய்தியில் ஒருநாளும் விட்டுப்போனதில்லை. நாடக நோட்டீஸிலேயே ஆர்மோனியம், மிருதங்கத்துக்கு அப்புறம் சீன், லைட் என்று ஒரு வரி இருக்கும். அதைக்கூட உங்கள் நிருபர் பார்ப்பதில்லை.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. இனி நாடகப் படம் போட்டால் பின்படுதாவை வெட்டாதீர்கள். படத்துக்குக் கீழே சீன் அமைத்தவர் பெயரையும் ஒளி அமைத்தவர் பெயரையும் போடுங்கள். நோட்டீஸ் கிடைக்கவில்லை என்றால் மேடைக்குப் பின்னால் போய் ஒருமுறை கேட்டால் போதும், சொல்லுவார்கள்.

இப்படிக்கு,
தேவிபட்டினத்திலிருந்து தங்கள் நெடுநாள் வாசகன்