அம்மாவை எழுப்பி நடக்க வைத்தவர்களுக்கு

அம்மாவுக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்ததில் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் உள்ள எல்1 என்ற முள்ளெலும்பு நசுங்கிவிட்டது. எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்ததாம். ஊசி வழியாக உள்ளே எலும்பைத் தாங்கும் மருத்துவச் சிமென்ட் செலுத்திச் சரிசெய்த டாக்டர், மறுநாளே நடக்கலாம் என்றார். அம்மா 19 நாட்கள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

வலி பெரிதாக இல்லை. பயம்தான். விழுந்தபோது உள்ளுக்குள் ‘மடக்’கென்று கேட்ட சத்தம் காதைவிட்டுப் போகவில்லை என்பார். புரண்டு படுக்கச் சொன்னாலே கை கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும். விரல் முட்டிகள் வெளுத்துவிடும். அசையாதே, சிமென்ட் பெயர்ந்துவிடும் என்று வருவோர் போவோரோடு சேர்ந்து நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மாவின் பயத்தில் பாதி நாங்கள் கொடுத்தது.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தங்கையே, முதல் நாள் நீங்கள் அம்மாவைத் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து 17 கேள்விகள் கேட்டீர்கள். அசைவதற்கு எவ்வளவு அஞ்சுகிறார் என்பதை அளக்கும் டாம்பா அளவுகோல் அது, 17 முதல் 68 வரை மதிப்பெண் வரும் என்றீர்கள். அம்மாவுக்கு 55. படுத்தே கிடந்தால் தொடைச் சதை கரையும், காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும் என்பதை எங்களைத் தனியே அழைத்துச் சொன்னீர்கள். அம்மாவிடம் கேட்டது வேறு: “எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் பாட்டி?”

“துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.”

உடனே கொல்லைக்குப் போய், மாடம் இடுப்பு உயரம் இருக்கிறதா, குனியாமல் ஊற்ற முடியுமா என்று பார்த்து வந்தீர்களே, அதை மறக்கமாட்டேன். முதலில் கட்டிலோரம் உட்காருவது, பிறகு நிற்பது, பிறகு நிலைப்படிவரை. நீங்கள் வரத் தொடங்கிய ஒன்பதாம் நாள் அம்மா வாக்கரிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்துச் சின்னச் செம்பைக் கவிழ்த்தார். பாதித் தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. அந்த ஈரக் காலோடு அம்மா சிரித்ததை நீங்களும் பார்த்தீர்கள். போன வாரம் கேட்டபோது மதிப்பெண் 33.

முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக உருண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும் என்று வார்டிலேயே சொல்லிக்கொடுத்த ஆயாம்மாவுக்கும் நன்றி. அன்று நாங்கள் காதில் வாங்கவில்லை. பிறகு அதுதான் கைகொடுத்தது. எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டைத் தொட்டுக்காட்டி, “இது அன்றைக்கே சில நிமிடங்களில் இறுகிவிட்டது அம்மா” என்று பொறுமையாக மூன்று முறை சொன்ன டாக்டருக்கும், இதே சிகிச்சை செய்துகொண்டு, அம்மாவின் கண்ணெதிரே உட்கார்ந்து எழுந்து காட்டிய எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் எங்கள் வணக்கம்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி, “அம்மா, ஏற்றட்டுமா?” என்று கேட்டு ஏற்றிய ஆட்டோ அண்ணனுக்கு ஒரு செய்தி. எலும்பு வலுவுக்கான ஊசி அடுத்த மாதம். உங்கள் வண்டியில்தான் வருவேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.