அப்பாவின் காரை விற்காதே என்று சொல்லும் சொந்தங்களுக்கு

அன்புள்ள பெரியமாமா, சித்தி, கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தொலைபேசி எடுத்த மற்ற எல்லாருக்கும்,

தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். ஆகவே எல்லாருக்கும் பொதுவாக ஒரே கடிதம். ஆம், அப்பாவின் பழைய ஆங்கிலக் காரான எம்.ஜி.பி.யை விற்கிறேன். காசுக் கஷ்டம் எதுவும் இல்லை. அரசாங்கமும் நெருக்கவில்லை, நாற்பது வயது தாண்டிய காருக்கு இங்கே வீதி வரி கிடையாது, லண்டனின் புகைக் கட்டணமும் கிடையாது. "அப்பாவின் ஞாபகமாக வைத்திரு" என்கிறீர்கள். அப்பா உயிரோடுதான் இருக்கிறார். நேற்றும் நான் போட்ட தேத்தண்ணியில் சீனி காணாது என்றார்.

அந்தக் காரை நாங்கள் வாங்கிய நாளை உங்களில் யாரும் பார்க்கவில்லை. 2004, கென்ட் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகை. 1972ஆம் ஆண்டு வண்டி, மேற்கூரை இல்லாதது, கோழி எச்சம் நிறைய. அப்பா லண்டன் வந்து இரண்டு வருடம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்த மனிதர், இங்கே ஒரு கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பொனற்றைத் திறந்தவர் சிரித்துவிட்டார். "இது எங்கட கேம்பிரிச்சின்ர தம்பியெல்லோ!"

உண்மைதான். அவர் ஊரில் ஓடிய ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிச்சில் இருந்தது 1489 சிசி எஞ்சின். எம்.ஜி.பி.யில் 1798 சிசி. இரண்டும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார்க் கொம்பனியின் 'பி சீரிஸ்' எஞ்சின் குடும்பம். அப்பாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் காபரேற்றர் வாயிலும் வைப்பார். இரண்டு பக்கமும் சீறல் ஒன்றாகும்வரை திருகுவார். டொக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார், எனக்குச் சிரிப்பு வரும்.

எஞ்சின் சுகம். உடம்புதான் ஆறு குளிர்காலத்தைத் தின்றது. எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்கிற பெட்டித் தகடுகள்தான், கூரையில்லாத காருக்கு முதுகெலும்பு. எங்களுடையதில் அது முழுக்கக் கறள். ஸ்குரூட்ரைவரால் குத்தினால் உள்ளே போகும். யோசிக்காமல் வெட்டி எடுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் பூட்டாது. அப்பா முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து ஒட்டினார். ஒரு பக்கம் வெட்டி, புதுத்தகடு வைத்து, கதவை மாட்டிப் பூட்டிப் பார்த்து, பிறகுதான் மற்றப் பக்கம். ஹறோவில் வாடகைக்கு எடுத்த கராஜ் அது, ஹீற்றர் இல்லை. நான் ரோர்ச் பிடித்தேன், பிறகு கிரைண்டர் பிடித்தேன், நாலாவது வருடம் வெல்டிங்கும் பிடித்தேன். இடது பக்கச் 'சில்' தகட்டில் கோணலாக ஒரு தையல் இருக்கிறது. அது என் வேலை. அப்பா அதை அரைத்து மறைக்கவில்லை.

சரி, கேம்பிரிச்சுக்கு வருவோம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், காபரேற்றருக்குள் நாலு துளி, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய். பின்னால் வெள்ளைப் புகை. சித்தி, உங்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தப் புகையில்தான். போருக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் வெளியேறிய 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் ஆட்களும் சைக்கிள்களும் நெரிபட, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து கொடிகாமம் போய்ச் சேர்ந்ததும் அதேதான். இரண்டு வருடம் கழித்து அப்பா அதை விற்றார். அந்தக் காசில்தான் நான் லண்டன் வந்தேன். பெரியமாமா, அன்றைக்கு விலை பேசிக் கொடுத்ததே நீங்கள். ஞாபகமாக வைத்திருக்கச் சொல்லி அப்போது ஒருவர்கூடக் கதைக்கவில்லை.

இப்போது கதை இதுதான். இடுப்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு அந்தப் பள்ளமான சீற்றில் அப்பாவால் ஏறி இறங்க முடியவில்லை. நான் வருடத்தில் இரண்டு தரம் ஓட்டினால் பெரிய காரியம். 2021இலிருந்து இங்கே சாதாரணப் பெற்றோலில் பத்து வீதம்வரை எதனோல். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. ஏப்ரலில் திறந்து பார்த்தால் பின் பிரேக் இறுகிப்போய்க் கிடந்தது. அப்பா என்னை ஏசவில்லை, கேட்டார்: "இதை ஆருக்குப் பிள்ளை பூட்டி வச்சிருக்கிறாய்?" விற்கலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். உங்களுக்கு இதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

முதலில் வந்தவர் ஒரு வியாபாரி. நிறம் கொம்பனி நிறம்தானா என்று கேட்டார், என் கோணல் தையலைக் காட்டி விலையைக் குறைத்தார். அப்பா மரியாதையாக வாசல்வரை போய் அனுப்பிவைத்தார்.

இரண்டாவது, பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெடியன். விலை கேட்க முதல் மழை ஈரத்திலேயே காருக்கு அடியில் படுத்துவிட்டான். அரை மணித்தியாலம். வெளியே வந்து, 'சில்' தகட்டை யார் ஒட்டியது என்று கேட்டான். அப்பா என்னைக் காட்டினார். பிறகு இருவரும் காபரேற்றரைக் கழற்றிக்கொண்டு இருந்துவிட்டார்கள். அப்பாவின் ஆங்கிலமும் அவனுடைய ஆங்கிலமும் எனக்கு ஒரேயளவாகத்தான் விளங்கின. வியாபாரி சொன்னதைவிட நானூறு பவுண் குறைவாகக் கொடுக்கிறான். பரவாயில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு எடுக்க வருகிறான். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்கு முதல் வாருங்கள், சாப்பாடு இருக்கும். அப்பா ஸ்பனர் செற், கையேடு, மிச்சத் தகடுகள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டார். ரப்பர் குழாயை மட்டும் தரமாட்டாராம். பெடியன் புதிதாக ஒன்று வாங்கட்டுமாம், ஒரு பவுண்தானே என்கிறார்.

அன்புடன்,
உங்கள் மருமகள், பெறாமகள், அக்கா