கிளஸ்டர் பொறுப்பை ஏற்றிருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் மடல் கிடைத்தது. டாக்கர் கம்போஸில் ஓடிக்கொண்டிருந்த சேவைகளை, பல கணினிகளைக் கிளஸ்டர் என்ற ஒரே தொகுப்பாக நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸுக்கு மாற்றும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதையும், டாஷ்போர்டு இருக்கும்போது கட்டளை வரி எதற்கு என்று உன் குழுவில் சிலர் கேட்பதையும் எழுதியிருந்தாய். இங்கே நாங்களும் கிளஸ்டரின் பதிப்பை உயர்த்தும் வேலையில் இருப்பதால் பதில் தாமதமாகிவிட்டது. டாஷ்போர்டு இருக்கட்டும், ஆனால் இரவில் அழைப்பு வந்தால் எழுந்து பார்க்க வேண்டியவர்கள் கியூப்கன்ட்ரோல் (kubectl) என்ற கட்டளை வரிக் கருவியைப் பழகியே ஆக வேண்டும். அதிலும் மாற்றும் கட்டளைகளுக்கு முன்பாக நிலையை மட்டும் கேட்கும் கட்டளைகளைப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் கருவி தானாக எந்தக் கன்டெய்னரையும் (சேவையின் நிரலைத் தேவையானவற்றோடு அடைத்த பொதி) இயக்குவதில்லை. எந்தக் கிளஸ்டரை யாராக அணுகுவது என்ற விவரம் கொண்ட, உன் கணினியில் உள்ள கியூப்கான்ஃபிக் கோப்பைப் படித்து, கிளஸ்டரின் நுழைவாயிலான ஏபிஐ சர்வருக்கு எச்டிடிபிஎஸ் வழியாக ஒரு கோரிக்கையை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஐந்து பிரதிகள் வேண்டும் என்று நீ சொன்னால் கிளஸ்டரின் தரவுக்கிடங்கான எட்சிடியில் உள்ள ஒரு பதிவில் எண் மாறுகிறது. அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் கன்ட்ரோலர் புதிய பாடுகளை (pod, கன்டெய்னர்களைத் தாங்கும் அலகு) உருவாக்க, ஷெட்யூலர் அவற்றுக்கு நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) ஒதுக்க, அந்த நோடில் உள்ள கியூப்லெட் என்ற நிரல் கன்டெய்னரைத் தொடங்குகிறது. ஆகவே கட்டளைக்கு உடனே கிடைக்கும் பதில், கோரிக்கை ஏற்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. புதிய பதிப்பு உண்மையில் ஓடத் தொடங்கிவிட்டதா என்பதை 'ரோல்அவுட் ஸ்டேட்டஸ்' என்று தனியாகத்தான் கேட்க வேண்டும்.

ஒரு பாடு எழவில்லை என்றால் உன் குழுவினர் முதலில் அதை அழித்துப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடு, ஏனெனில் பாடோடு சேர்ந்து தடயமும் போய்விடும். 'டிஸ்கிரைப்' கட்டளையின் அடியில் வரும் ஈவென்ட்ஸ் பகுதியையும், முந்தைய முறை இறந்த கன்டெய்னரின் பதிவுகளைக் காட்டும் 'லாக்ஸ் --ப்ரீவியஸ்' கட்டளையையும் பார்த்த பிறகே வேறு எதையும் தொட வேண்டும். பாடின் நிலையாகக் காட்டப்படும் க்ராஷ்லூப்பேக்ஆஃப் என்பது காரணம் அன்று. திரும்பத் திரும்ப விழும் கன்டெய்னரை மறுபடி தொடங்குவதற்கு முன் கியூப்லெட் காத்திருக்கிறது என்பதே அதன் பொருள், அந்தக் காத்திருப்பு இயல்பாக 10 நொடியில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே 5 நிமிடம் வரை செல்லும். வெளியேறும் குறியீடு 137 என்றிருந்தால், 128-உடன் கில் சமிக்ஞையின் எண்ணான 9 சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள். பெரும்பாலும் நினைவக வரம்பு மீறப்பட்டிருக்கும், 'ஓஓஎம்கில்டு' என்ற சொல் அருகிலேயே இருக்கிறதா என்று பார். ஈவென்ட்களை ஏபிஐ சர்வர் இயல்பாக ஒரு மணி நேரம்தான் வைத்திருக்கும் என்பதால், காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எதுவும் மிஞ்சாது. 'கெட் ஆல்' என்ற கட்டளையையும் பெயரைப் பார்த்து நம்பிவிடாதே; அமைப்பு மதிப்புகளை வைக்கும் கான்ஃபிக்மேப், கடவுச்சொல் போன்றவற்றை வைக்கும் சீக்ரெட், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு வழிகாட்டும் இன்கிரெஸ் ஆகியவை அதில் வருவதில்லை.

மாற்றங்களைப் பொறுத்தவரை, கிளஸ்டரில் உள்ளதை நேரடியாகத் திருத்தும் 'எடிட்' கட்டளை வசதியானது, அதனாலேயே ஆபத்தானது. கோப்பில் எழுதியதைக் கிளஸ்டருக்கு அனுப்பும் 'அப்ளை' கட்டளையின்போது கியூப்கன்ட்ரோல் மூன்றை ஒப்பிடுகிறது: வேண்டிய நிலையை எழுதி உன் கையில் உள்ள யாமல் கோப்பு, சென்ற முறை அனுப்பிய கோப்பின் நகல், கிளஸ்டரில் இப்போது இருக்கும் நிலை. கோப்பில் உள்ள ஒரு மதிப்பை யாரேனும் 'எடிட்' மூலம் மாற்றியிருந்தால் அடுத்த 'அப்ளை' அதைப் பழையபடி ஆக்கிவிடும். அது உடனே தெரிந்துவிடுவதால் பெரிய தொல்லை இல்லை. கோப்பில் எப்போதுமே இல்லாத ஒரு சூழல் மாறியை அவசரத்தில் சேர்த்தால்தான் சிக்கல். எத்தனை முறை 'அப்ளை' செய்தாலும் அது அசையாமல் அங்கேயே இருக்கும், கோப்புகளின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் அதற்குச் சுவடே இருக்காது, அதே கோப்புகளை வைத்துப் புதிய கிளஸ்டர் ஒன்றை எழுப்பும் நாளில் சேவை ஏன் எழவில்லை என்று அனைவரும் திகைத்து நிற்பார்கள். 2021-இல் 1.22 பதிப்பில் நிலைபெற்ற சர்வர்சைடு அப்ளை, எந்தப் புலத்துக்கு யார் உரிமையாளர் என்பதைக் குறித்துவைத்து, முரண்பாடு வந்தால் மறுக்கிறது. முடிந்தால் அதையே பயன்படுத்து. எப்படியிருந்தாலும் 'அப்ளை'க்கு முன், என்ன மாறும் என்று காட்டும் 'டிஃப்' பார்ப்பதை விதியாக்கு.

கான்டெக்ஸ்ட் (கட்டளைகள் எந்தக் கிளஸ்டருக்குப் போகும் என்ற தேர்வு) மாற்றுவதைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 'யூஸ்-கான்டெக்ஸ்ட்' செய்யும் மாற்றம் கோப்பில் எழுதப்படுவதால், ஒரு டெர்மினலில் மாற்றினால் அதே கோப்பைப் படிக்கும் மற்ற டெர்மினல்களிலும் மாறிவிடும். புரொடக்‌ஷனுக்கெனத் தனிக் கியூப்கான்ஃபிக் கோப்பு வைத்து, அதில் பெரும்பாலானோருக்கு 'வியூ' உரிமையை மட்டும் கொடுத்துவிடு. அந்த உரிமையால் சீக்ரெட்களைப் படிக்கவும் முடியாது.

எங்கள் பதிப்பு உயர்த்தலில் அதிக நேரம் எடுப்பது, ஒரு நோடில் உள்ள பாடுகளை வெளியேற்றும் 'ட்ரெய்ன்' கட்டளைதான். ஒரே ஒரு பிரதியோடு ஓடும் சேவைக்கு, குறைந்தது ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்று டிஸ்ரப்ஷன் பட்ஜெட் எழுதி வைத்திருந்தால், அந்த நோடைக் காலி செய்யும் முயற்சி முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கருவியின் மீது எரிச்சல் வரும், ஆனால் சொன்னதைத்தான் அது செய்கிறது. நீ இப்போதே எல்லாக் குழுக்களின் பட்ஜெட்களையும் ஒரு முறை பார்த்துவிடு. உன் கியூப்கன்ட்ரோலின் பதிப்பும் ஏபிஐ சர்வரின் பதிப்பிலிருந்து ஒரு படிக்கு மேல் விலகாமல் இருக்கட்டும்.

ஏபிஐ சர்வரே விழுந்துவிட்டால் இவை எதுவும் உதவாது. நோடுக்குள் நுழைந்து 'க்ரைகன்ட்ரோல்' கொண்டு கன்டெய்னர்களையும், அந்தக் கணினியின் பதிவேடான ஜர்னலில் கியூப்லெட்டின் பதிவுகளையும் பார்க்க வேண்டியிருக்கும். மேகச் சேவையில் வாங்கிய கிளஸ்டர் என்றால் அந்தக் கவலை பெரும்பாலும் அவர்களுடையது. கிளஸ்டரை நிறுவும் கருவியான கியூப்அட்மின் மூலம் நீங்களே எழுப்பியது என்றால், அதன் சான்றிதழ்கள் இயல்பாக ஓராண்டில் காலாவதியாகும் என்பதால், 'செர்ட்ஸ் செக்-எக்ஸ்பிரேஷன்' கட்டளையை இந்த வாரமே இயக்கிப் பார். உங்களுடையது இரண்டில் எது என்று நீ எழுதவில்லை. அதைத் தெரிவித்தால் எட்சிடியின் நகல் எடுப்பது பற்றி அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்