படிகமும் நெளிகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கரிமக் கடத்திகள், அதாவது உலோகம்போல மின்சாரம் கடத்தும் கரிமப் படிகங்கள், பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் உலோகம்போலக் கடத்திய படிகம் மின்சாரத்தைக் கடத்தாத காப்பானாக மாறும் கட்டத்தில் எலக்ட்ரான்களின் கதையை மட்டும் சொல்லிவிட்டு, படிக அணிக்கோவை (மூலக்கூறுகள் வரிசையாக அமைந்த ஒழுங்கு) கல்லாட்டம் நிற்பதாக எழுதிவிட்டார் கட்டுரையாளர். அதில் எனக்கு உடன்பாடில்லை.

அவரே எடுத்துக்காட்டிய டி.டி.எஃப்–டி.சி.என்.கியூ (TTF–TCNQ) என்ற கரிம உப்பைப் பாருங்கள். 54 கெல்வினில் அதன் மின்தடை எகிறுவதற்குக் காரணமே அணிக்கோவை நெளிவதுதான். மூலக்கூறுகள் 3.8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்க, நெளிவோ சுமார் 13 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை வருகிறது. இரண்டும் மீதியின்றி வகுபடாது. நெளிவதற்கு ஆகும் ஆற்றலை எலக்ட்ரான்கள் மிச்சப்படுத்தும் ஆற்றல் ஈடுகட்டிவிடும் என்பது இயற்பியலாளர் பையெர்ல்ஸ் போட்ட கணக்கு. எக்ஸ்-கதிர்ப் படத்தில் 150 கெல்வினை ஒட்டியே பிராக் புள்ளிகளுக்கு (ஒழுங்கான அணிக்கோவை பதிக்கும் கூர்மையான புள்ளிகள்) நடுவில் மங்கலான கோடுகள் தெரியத் தொடங்கும். குளிரக் குளிர அவை கருமையாகி, 54 கெல்வினில் புள்ளிகளாகத் திரளும். அதாவது மின்தடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அணிக்கோவை ஆயத்தமாகிவிடுகிறது.

காப்பானாவதற்கு இன்னொரு வழியான மாட் வகை மாற்றத்தில் எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கமே முதற்காரணம் என்பது சரி. அங்கும் அணிக்கோவை சும்மா இருப்பதில்லை. 2016-இல் ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள் பி.இ.டி.டி–டி.டி.எஃப் (BEDT–TTF) என்ற கரிம மூலக்கூறின் உப்பு ஒன்றை ஹீலியம் வாயுவின் அழுத்தத்தில் வைத்து அதன் நீளத்தை அளந்தார்கள். 37 கெல்வினை ஒட்டி, அந்தத் திடீர் மாற்றம் முடிவுக்கு வரும் மாறுநிலைப் புள்ளியருகே ஹூக் விதியே பொய்த்துப்போனது: அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் படிகம் சுருங்கவில்லை. இத்தனைக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சில நூறு மடங்குதான். மூலக்கூறுகளை வலுவற்ற விசைகள் பிடித்துவைத்திருப்பதால் இந்தப் படிகங்கள் அவ்வளவு மெத்தென்றவை.

அணிக்கோவையை மறந்து நானும் பட்டிருக்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஊசி போன்ற ஒரு படிகத்தில் மின்தடையை அளக்க நான்கு தங்கக் கம்பிகளை ஒட்டி, அவசரப்பட்டுக் குளிர்வித்தேன். மின்தடை திடீரென்று தாவியது. மாற்றம் வந்துவிட்டதென்று குதித்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால், குறுக்கே மயிரிழை விரிசல்! மெதுவாகக் குளிர்வி என்று மூத்தவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்காத பலன்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் மின்தடை வரைபடத்தின் கீழேயே, அதே வெப்பநிலை அச்சில், படிகத்தின் நீளம் மாறுவதைக் காட்டும் வெப்ப விரிவு வரைபடத்தையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன் ஒருவன்