செண்டுப்பூ வைக்க மறக்காத

பாப்பா,

போட்டோ பார்த்தேன், தக்காளி நல்லா வந்திருக்கு. இங்க இருந்தப்ப ஒரு கத்திரிச்செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாலே மூஞ்சியத் தூக்கிவச்சுக்குவ, இப்ப போர்டிகோ பூரா குரோபேக்னு கீழ்வீட்டு அக்காகிட்டகூட காமிச்சேன். ஆனா மதியமானா இலை துவளுதுன்னு ஒரு வரி போட்டியே, அப்புறம் ஒரு போன் உண்டா?

தண்ணி இருந்தும் வாடுச்சுன்னா ஒரு செடியப் புடுங்கி வேரப் பாரு. முடிச்சு முடிச்சா வீங்கியிருந்தா நூற்புழுதான், வேருக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத புழு. அந்த மண்ண வேற பைக்கு மாத்திடாத, அதுலயே செண்டுப்பூ போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல விடு, செண்டு வேரு அந்தப் புழுவுக்கு ஆகாது. அழகுக்கு ஓரமா ஒண்ணு வச்சாப் பத்தாது, தக்காளிக்கு முன்னாடியே அதே மண்ணுல வளந்திருக்கணும்.

காய்ப்புழுவுக்கும் செண்டுதான். நிலக்கோட்டையில பெரியப்பா 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டு வைப்பாங்கல்ல, தக்காளி நாத்து 25 நாள்னா செண்டு நாத்து 40 நாள், அப்பத்தான் ரெண்டும் ஒண்ணா பூத்து தாய்ப்பூச்சி செண்டுல போய் முட்டை வைக்கும். ஆனா மொட்டைப் பிரிச்சுப் பாத்து புழுவ எடுத்து சோப்புத் தண்ணில போடணும், இல்லேன்னா நீயே புழு வளர்த்த கதைதான். உனக்கு எதையும் வச்சிட்டு அப்படியே விட்டுடுற புத்தி, அதான் சொல்றேன்.

கொத்தமல்லிய மொத்தமா கிள்ளாத, ரெண்டு தண்டு பூக்கட்டும். அந்தரத்துல அசையாம நிக்குமே ஒரு வரிவரி ஈ, அது அந்தப் பூவுக்கு வரும், அதோட குஞ்சுப்புழுதான் செடிச் சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சியத் திங்கும். துளசியையும் பூக்க விடு, தேனீ வந்தாத்தான் பாகப்பிஞ்சு பழுத்து உதிராம நிக்கும். வேப்பெண்ணெய் அடிச்சா லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்பு, சாயங்காலம் மட்டும்.

அது சரி, மாப்பிள்ளைக்குத்தான் பாகக்காய் ஆகாதே, இத்தனை எதுக்குப் போட்ட? அவரு வண்டி நிக்கிற இடத்துலதான தொட்டிய வச்சிருக்க? சர்வீசுக்கு விட்டிருக்காருன்னு நெனச்சேன், தீபாவளிக்கு அனுப்புன போட்டோலயும் அங்க தொட்டிதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. நேரத்துக்கு சாப்புடு. நீ எதையும் சமாளிக்கிறவதான், எனக்குத் தெரியும், அதுக்காக எங்ககிட்ட வாயே தெறக்கக் கூடாதுன்னு இருக்கா?

தக்காளி பக்கத்துல செண்டு வை. விதை எடுத்து வச்சிருக்கேன், அப்பா ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ல கொண்டு வரேங்கிறாரு. ரெண்டு நாள் தங்குவாரு. வேணாம்னு சொல்லாத, டிக்கெட் போட்டாச்சு.

அம்மா